வீட்டு மரமும் கவாத்தும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



மரம் நடுவதைப் பற்றி நாம் பேசாத கூட்டம் இல்லை. 1950ஆம் ஆண்டில் மத்திய உணவு, விவசாய அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி அவர்கள் வனமகோத்சவத்தைத் தொடங்கிய நாள் முதல், ஆண்டுதோறும் கன்றுகள் நட்டு வருகின்றோம். நம் மாநிலத்தில் 2022ஆம் ஆண்டு பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் தொடங்கப்பெற்றது. நடுவது நற்செயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும், நட்ட கன்று வளர்ந்து வீட்டுக் கூரைக்கு மேல் கிளை பரப்பிய பின்னர் அதனை எவ்வாறு பேணுவது என்று நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. இன்று அதனைப் பற்றியே பேச விழைகின்றோம்.

2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையில் வீழ்த்திய மரங்களை நாம் மறந்திருக்க மாட்டோம். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வேதாரண்யத்தருகே கரை கடந்த கஜா புயல், தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகளை அழித்ததோடு, வீட்டு வாசல் மரங்களையும் சாய்த்தது. அது முதல், வாசலில் பெரிய மரம் நின்றாலே அச்சம் கொள்வோர் பலர். அவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். மரத்தை அடியோடு வெட்டி விற்கின்றனர். அல்லது நடுமரத்தை உச்சியில் தறித்து மொட்டையடித்து விடுகின்றனர். மொட்டையடித்தால் ஆபத்து நீங்கியது என்பது அவர்கள் எண்ணம். உண்மை அதற்கு மாறானது.

நாம் அறிந்த சிற்றூர் ஒன்றில் பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு வேம்பு நின்றது. பிள்ளைகள் அதன் நிழலில் அமர்ந்தே மதிய உணவு உண்பர். கஜா புயலில் அது சாயாமல் நின்றது. ஆனால் அடுத்த புயலுக்கு அஞ்சிய ஊரார், அதன் பெருங்கிளைகள் அனைத்தையும் பாதியில் தறித்தனர். ஓராண்டுக்குள் வெட்டுவாய்களிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்கள் கிளம்பின. மரம் முன்னிலும் அடர்த்தியாயிற்று, ஊரும் மகிழ்ந்தது. ஆறாம் ஆண்டு, புயல் ஏதுமில்லாத ஒரு கோடை மாலையில் அடித்த காற்றுக்கு, அப்படித் துளிர்த்து வளர்ந்த கிளையொன்று முறிந்து சமையற்கூடத்தின் ஓட்டைப் பிளந்தது. அன்று விடுமுறை நாளாதலால் உயிர்ச்சேதம் இல்லை. மறுவாரமே மரம் அடியோடு வெட்டப்பட்டது. இன்று அப்பிள்ளைகள் வெயிலில் நிற்கின்றனர்.

இம்மரம் செய்த பிழை என்ன? ஒன்றுமில்லை. வெட்டிய இடம் தவறு. வெட்டிய முறையும் தவறு.

நம் உடலில் புண் உண்டானால் புதுத் தோல் வளர்ந்து ஆறிவிடுகின்றது. மரத்துக்கு அத்தகைய ஆற்றல் இல்லை. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்னும் விஞ்ஞானி, எண்ணற்ற மரங்களை நெடுக அறுத்துப் பார்த்து இதனை விளக்கினார். 1977ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூல், மரம் தன் காயத்தைச் சுற்றி உள்ளுக்குள் சுவர் எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்து வைக்கின்றது என்று கூறுகின்றது. காயம்பட்ட மரப்பகுதி அப்படியே உள்ளே இருக்கும். அதன்மேல் புது மரம் வளர்ந்து மூடும். சுவர் எழுப்ப வசதியான இடத்தில் வெட்டினால் மரம் பிழைக்கும். பருத்த கிளையைப் பாதியில் தறித்தால் அழுகல் உள்ளிறங்கிப் பொந்தாகும். அவ்விடத்தில் கிளம்பும் துளிரோ பட்டைக்குச் சற்று உள்ளே மட்டும் பற்றியிருப்பது. இயற்கையாக வளர்ந்த கிளை ஆண்டுக்கு ஆண்டு அடிமரத்தோடு பின்னி வளர்ந்தது. துளிருக்கு அப்பிணைப்பு இல்லை. கனம் ஏறியதும் அது பிய்ந்து விழுகின்றது.

"முருங்கையை ஆண்டுதோறும் வெட்டுகின்றோமே, அது நன்றாகத்தானே தழைக்கின்றது?" என்று விவசாயிகள் கேட்பது நியாயமே. முருங்கையை நாம் காய்க்காக வளர்க்கின்றோம்; கிளை பெருத்துக் கனமாகும் முன்பே மீண்டும் வெட்டிவிடுகின்றோம். ஐம்பது ஆண்டு நிழல் தர வேண்டிய வேம்புக்கும் புங்குக்கும் தூங்குமூஞ்சி மரத்துக்கும் அம்முறை பொருந்தாது. ஆட்டுக்குத் தழை ஒடிப்பவர்களும் இவ்வேறுபாட்டை உணர்தல் நலம்.

இனி, கவாத்துச் செய்யும் முறையைக் கூறுவோம். கிளை அடிமரத்தோடு கூடும் இடத்தை உற்று நோக்குங்கள். மேற்புறத்தில் பட்டை மடிந்து சுருங்கிய கோடு ஒன்று தெரியும். கீழ்ப்புறத்தில் வளையல் இட்டாற்போல் தடித்திருக்கும். அத்தடிப்பு அடிமரத்துக்கு உரியது, அதனைச் சீவலாகாது. தடிப்புக்குச் சற்று வெளியே வெட்டுதல் வேண்டும். அதனினும் வெளியே தள்ளி வெட்டி முளைபோல் கட்டையை விட்டு வைப்பதும் தவறு. அக்கட்டை பட்டுப்போய் அழுகலுக்கு வழிவிடும்.

பெருங்கிளையை ஒரே வெட்டில் அறுத்தால், அது விழும் வேகத்தில் அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். ஆகவே மூன்று வெட்டுகள் வேண்டும். முதல் வெட்டு, அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் அடிப்புறத்தில் கால் பங்கு ஆழம் வரை. இரண்டாவது, அதற்குச் சற்று வெளியே மேற்புறத்திலிருந்து முழுவதும்; கிளை விழுந்துவிடும். மூன்றாவது, எஞ்சிய கட்டையைத் தடிப்பின் ஓரத்தில் அறுப்பது. அரிவாளும் கோடரியும் மரத்தைச் சிதைக்கும். கூரிய ரம்பமே ஏற்றது. வெட்டுவாயில் தார் பூசுவது நம் வழக்கம். அது அழுகலைத் தடுப்பதில்லை என்பதும் ஆராய்ச்சியில் கண்ட உண்மை. சரியான இடத்தில் வெட்டினால் பூச்சு வேண்டுவதில்லை.

முதலில் நீக்க வேண்டியவை பட்ட கிளை, முறிந்த கிளை, ஒன்றோடொன்று உராயும் கிளை ஆகியவை. அடுத்துக் கூரைமேல் கனத்து நீண்ட கிளைகள். ஓராண்டில் மரத்தின் தழையில் கால் பங்குக்கு மேல் குறைக்கலாகாது. இலையே மரத்துக்கு உணவு சமைக்கும் இடமன்றோ! முதிர்ந்த மரமாயின் அதனினும் குறைவாகவே குறைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், ஆவணிக்குள் இவ்வேலையை முடித்தல் நன்று. கிளையில் பறவைக் கூடு இருப்பின் குஞ்சுகள் பறக்கும் வரை பொறுத்திருப்போம்.

செலவு மிகக் குறைந்த கவாத்து இளங்கன்றுக்குச் செய்வதே. நட்ட சில ஆண்டுகளில், இரு கவடாகப் பிரிந்து சம பருமனில் வளரும் தண்டுகளில் ஒன்றை நீக்கி, நேரான ஒரு தண்டை விட்டு வைத்தால், பிற்காலத்தில் மரம் நடுவே பிளவுபடும் ஆபத்து குறைகின்றது. விரற்பருமனான குச்சியை வெட்டிய காயம் விரைவில் மூடும். அதையே இருபது ஆண்டு கழித்துச் செய்யப் பத்து ஆட்களும் கயிறும் வேண்டியிருக்கும்.

மேலே பார்ப்பது போல் கீழேயும் பார்த்தல் வேண்டும். நீரையும் சத்தையும் உறிஞ்சும் வேர்களிற் பெரும்பகுதி, மேல்மண்ணில் இரண்டடி ஆழத்துக்குள்ளேயே, கிளைப் பரப்பையும் தாண்டி ஓடுகின்றன. குடிநீர்க் குழாய்க்கும் வடிகாலுக்கும் அடிமரத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டினால், மரத்தின் ஒரு பக்கத்துப் பிடிப்பு முழுவதும் அறுந்துபோகும். அடுத்த புயலில் அது சாய்ந்தால் காற்றைக் குறை கூறிப் பயன் என்ன? சிமெண்டுத் தளம் இடும்போது மரத்தைச் சுற்றி மண் தெரிய இடம் விடுக. மரத்தடியில் குப்பை கொளுத்துவதையும் நிறுத்துக. பட்டைக்கு உள்ளே உள்ள உயிர்ப்படலம் வெந்தால் மரம் பிழைப்பது கடினம்.

ஓர் எச்சரிக்கை. மின்கம்பியை ஒட்டிய கிளையை எவரும் தாமே வெட்டத் துணியலாகாது. பச்சைக் கிளையிலும் மின்சாரம் பாயும். மின்வாரியத்துக்குத் தெரிவித்து, மின்னோட்டத்தை நிறுத்திய பின்னரே வேலை நடைபெற வேண்டும். மரம் ஏறுபவர் இடுப்பிலும் மரத்திலும் கயிறு கட்டிக்கொள்ளட்டும். கீழே ஆட்களோ கால்நடையோ நிற்றல் கூடாது.

இவற்றில் பஞ்சாயத்தின் பங்கு என்ன? ஆகஸ்டு 15ஆம் நாள் கிராம சபை கூடுகின்றது. மழைக்கு முந்திய தக்க நாள் அது. அதற்கு முன்பே பள்ளி, சத்துணவுக் கூடம், பேருந்து நிறுத்தம், தெரு ஆகியவற்றில் உள்ள மரங்களைப் பார்வையிட்டு, பட்ட கிளை, பொந்து, சாய்வு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, சபையில் படித்துக் காட்டலாம். மரமேறப் பழகிய இளைஞர் இருவரைத் தேர்ந்து இம்முறையைக் கற்பிக்கலாம். வீடுதோறும் கவாத்துச் செய்து அவர்களும் கூலி பெறுவர். பொது நிலத்து மரத்தில் கை வைக்கும் முன் உரிய அதிகாரியின் அனுமதி பெறுதல் கடமை. வேர் அறுந்து சாயத் தொடங்கிய மரம், அடிமரம் முழுவதும் பொந்தான மரம் ஆகியவற்றை அகற்றத்தான் வேண்டும். அத்தகைய மரம் சிலவே. எஞ்சியவற்றை ஒரு ரம்பமும் அரை நாள் உழைப்பும் காப்பாற்றிவிடும்.

இவ்வாண்டு ஒவ்வோர் ஊரிலும் பள்ளிக்கூடத்து மரத்திலிருந்து இப்பணியைத் தொடங்குமாறு வேண்டுகின்றோம். முகாம் முடிந்து ஊர் திரும்பியதும் அம்மரத்தடியில் நின்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். எந்தக் கிளையை நீக்க வேண்டும், எதனை விட்டுவைக்க வேண்டும் என்பது இனி உங்களுக்கே புலப்படும்.