ஆமை அடங்கிக் கிடந்தால் அது ஞானம் அல்ல!

("செல்லப் பிராணி வளர்ப்பது பாசமா, பொழுதுபோக்கா?" என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி அரங்கத்தில், சுங்காயைச் சேர்ந்த ஒரு குடும்பத் தலைவி பேசியதன் எழுத்து வடிவம்.)



எனக்கு முன்னால் பேசியவர்கள் நாயின் நன்றியைச் சொன்னார்கள், பூனையின் அழகைச் சொன்னார்கள். நான் ஆமையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். (சிரிப்பு) சிரியுங்கள் ஐயா, பரவாயில்லை. நானும் சிரித்துக்கொண்டேதான் அதை வாங்கினேன். அழுதுகொண்டே புதைத்தேன்.

நான் பேராக் மாநிலத்துச் சுங்காய்க்காரி. ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். தோட்டத்துக் கால்வாயிலிருந்து ஆமை ஏறி வந்தால் என் பாட்டி அலறுவார். "ஆமை புகுந்த வீடு உருப்படாது, விரட்டு" என்பார். இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நாங்களும் தாமான் வீட்டுக்கு வந்துவிட்டோம். இப்போது ஆமை தானாகப் புகுவதில்லை. நாமே காசு கொடுத்து அழைத்து வருகிறோம். (கைதட்டல்)

என் மகன் ஆசைப்பட்டான் என்று ஒரு கடையில் இரண்டு ஆமைக் குட்டிகளை வாங்கினோம். சுல்காத்தா என்ற ஆப்பிரிக்க நில ஆமை. சஹாரா பாலைவனத்தின் தென் ஓரத்தில், வறண்ட பூமியில் வாழ்கிற இனம். கடைக்காரர் சொன்னது ஒரே வார்த்தை: "கீரை போடுங்க, போதும்." நாங்களும் குளியலறைப் பக்கத்துச் சிமெண்டுத் தரையில் விட்டுவிட்டுக் கீரை போட்டோம். எங்கள் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் கொட்டினால் விடியும்வரை தரை ஈரம், சில்லிப்பு.

மூன்றாவது வாரம் ஒரு குட்டி சாப்பிடுவதை நிறுத்தியது. மூக்கில் நீர்க்குமிழி வந்தது. "அம்மா, ஆமை சோப்பு முட்டை விடுது" என்றான் மகன். எல்லோரும் சிரித்தோம். பிறகு கழுத்தை நீட்டி வாயைத் திறந்தது. கொட்டாவி விடுகிறது என்றேன். நாள் முழுதும் அசையாமல் கிடந்தது. ஐம்புலன் அடக்கத்துக்கு வள்ளுவரே ஆமையைத்தானே காட்டினார், அது அடங்கிக் கிடக்கிறது என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் காலையில் அது உயிரோடு இல்லை.

அது ஞானம் இல்லை ஐயா, நியூமோனியா. இரண்டாவது குட்டியின் மூக்கிலும் நீர் வடிந்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. அதை ஈப்போவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே கால்நடை மருத்துவர் சொன்னதைத்தான் உங்களிடம் பகிர்ந்துகொள்கிறேன்.

நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. அது இழுத்து விடுவதால் மூச்சு வாங்குகிறோம், சளி வந்தால் இருமித் துப்புகிறோம். ஆமைக்கு அப்படிப்பட்ட தசை கிடையாது. விலா எலும்புகள் ஓட்டோடு ஒட்டிப் போனதால் நெஞ்சும் விரியாது. ஓட்டுக்குள் இருக்கிற தசைகளை அசைத்துத்தான் அது மூச்சு வாங்குகிறது. ஆகவே அதால் நம்மைப் போல் இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. நுரையீரலில் சேர்ந்தது சேர்ந்ததுதான். நமக்குத் தெரியும்படி மூச்சுத் திணறுகிறது என்றால், நோய் முற்றிவிட்டது என்று பொருள்.

எதற்குப் பயப்பட வேண்டாம்? தொண்டை மெல்ல ஏறி இறங்குவது இயல்பு. அது மோப்பம் பிடிக்கிறது. தொட்டதும் தலையை உள்ளே இழுத்து "உஸ்" என்பதும் இயல்பு. உள்ளிருக்கும் காற்று வெளியேறும் சத்தம் அது. இரண்டு மூச்சுக்கு நடுவே நீண்ட இடைவெளி இருப்பதும் இயல்பே.

எதற்குப் பயப்பட வேண்டும்? மூக்கில் நீர், குமிழி, காய்ந்த சளி. வாயைத் திறந்து மூச்சு வாங்குவது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தை நீட்டுவது, முன்னங்கால்களைப் பம்பு மாதிரி ஆட்டுவது. விசில் சத்தம், "கிளிக்" சத்தம். வீங்கிய கண். சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காதது. தொட்டியில் வளரும் நீராமை ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தாலோ, முங்க முடியாமல் தவித்தாலோ, அதுவும் நுரையீரல் நோயாக இருக்கலாம். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். எல்லா மருத்துவரும் ஆமை பார்ப்பதில்லை. முதலில் போன் செய்து கேளுங்கள்.

நோய் ஏன் வருகிறது? ஆமைக்குச் சொந்தச் சூடு கிடையாது. வெளியே வெப்பம் இருந்தால்தான் அதன் உடம்பு கிருமியை எதிர்க்கும். ஈரமும் குளிரும் சேர்ந்தால் எதிர்ப்புச் சக்தி படுத்துவிடும். நீராமைக்கு வைட்டமின் ஏ குறைந்தாலும் மூச்சுக் குழாய் பலவீனப்படும். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி ஓர் ஆமையிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். அதனால் புது ஆமையைச் சில மாதம் தனியே வையுங்கள். நோய் கண்டதைத் தனியே பிரித்து, வெதுவெதுப்பான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். தைலம் தடவாதீர்கள். மனிதர் மாத்திரை கொடுக்காதீர்கள். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து ஆமையின் உயிரையே வாங்கிவிடும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சால்மொனெல்லா கிருமி பிள்ளைகளின் வயிற்றைக் கெடுக்கும்.

எங்கள் இரண்டாவது குட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். முன்னங்காலில் ஊசி போட்டார்கள். பல வாரம் வெப்ப விளக்கின் கீழ் இருந்தது. பிழைத்துக்கொண்டது. (கைதட்டல்)

தலைவர் அவர்களே, முடிக்கும் முன் ஒன்று. தமிழ்நாட்டின் வறண்ட புதர்க்காட்டில் நட்சத்திர ஆமை என்று ஓர் அழகான ஆமை உண்டு. அழகே அதற்கு எமன். சென்னையிலிருந்து பெட்டிகளில் அடைத்து நம் நாட்டுக்கும் தாய்லாந்துக்கும் கடத்திப் பிடிபட்ட செய்திகளைப் பத்திரிகையில் படிக்கிறோம். 2019இல் அனைத்துலக நாடுகள் கூடி அதன் வியாபாரத்துக்குத் தடை போட்டன. 2017 மே மாதம் கோலாலம்பூர் விமான நிலையத்தில், மடகாஸ்கரிலிருந்து வந்த பெட்டிகளில் 330 ஆமைகள் பிடிபட்டன. பெட்டியின் மேல் எழுதியிருந்தது என்ன தெரியுமா? "கற்கள்"! இருமக்கூட முடியாத ஜீவனை இருட்டில், நெரிசலில் அடைத்தால் அது எப்படி ஐயா மூச்சு விடும்?

ஆகவே அனுமதிப் பத்திரம் காட்டாத கடையில் ஆமை வாங்காதீர்கள். கால்வாயில் வரும் நம் நாட்டு ஆமையை வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எங்கள் பேராக்கிலேயே போத்தா கானானில் துந்தோங் ஆற்றாமைகளை முட்டையிலிருந்து காப்பாற்றி ஆற்றில் விடுகிறார்கள். பிள்ளைகளுக்கு ஆமை காட்ட ஆசையா? அங்கே அழைத்துப் போங்கள்.

தலைப்புக்கு என் பதில் இதுதான். வாங்கியது பொழுதுபோக்கு. அதன் மூச்சைக் கவனிக்கக் கற்றுக்கொண்ட நாளில்தான் அது பாசமானது. என் பாட்டி சொன்னதையும் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்: ஆமை புகுந்த வீடு உருப்படும், வீட்டுக்காரர் விவரம் தெரியாதவராக இருந்தால் ஆமைதான் உருப்படாது.

(பலத்த கைதட்டல்)