நிறம் என்னும் சொல்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவர் மேடை ஏறினால் நீரிழிவும் இரத்த அழுத்தமும்தான் பேச்சாக இருக்கும் என்று நாம் எல்லோரும் எதிர்பார்ப்போம். இன்று ஒரு மாறுதலுக்கு, நாம் சேர்ந்து ஒரு சொல்லைச் சோதித்துப் பார்ப்போம்.

நிறம், வண்ணம், வர்ணம், சாயம், கலர். இவற்றின் பொருள்களில் பலவற்றை நாம் இந்த வளவுக்குள்தான் கற்றோம். இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் இரவிரவாகக் கடதாசி வெட்டி, நம் இல்லத்தின் நிறத்தில் கூடாரம் சோடித்தோம். சங்கீத வகுப்பில் வர்ணம் என்பது கீதம் பாடி முடித்தவர்கள் ஏறும் படி. நடன வகுப்பிலோ கால் கடுக்க ஆடும் நீண்ட உருப்படி. தமிழ் வகுப்பில் வண்ணம் என்றால் செய்யுளின் ஓசை. தொல்காப்பியர் 20 வண்ணங்களைச் சொல்கிறார். விளையாட்டு வீராங்கனைகளுக்கு வர்ண விருது உண்டு. பாடசாலையின் நிறங்களை அணியும் உரிமையைப் பெறுவது என்ற ஆங்கிலப் பாடசாலை வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது. அந்த நிறம் ஓடியும் எறிந்தும் உழைத்துப் பெற்றது.

இத்தனை பொருளும் தெரிந்த நாம், ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் என்ன கேட்கிறோம்? "பிள்ளை நல்ல நிறமோ?" அங்கே நிறம் என்றால் வெள்ளை என்ற ஒரே பொருள்தான். கறுத்தப் பிள்ளைக்கு நிறமே இல்லை என்பது போல! பெண் பார்க்கும் வீட்டிலும் "சிவலை" என்று சொல்லும் குரல் உயரும். "பொதுநிறம்" என்று சொல்லும் குரல் தாழும். அந்தத் தாழ்ந்த குரலைக் கேட்டு வளரும் பிள்ளை அதை மறப்பதில்லை.

குழந்தை பிறந்ததும் வைத்தியர்களாகிய நாங்களும் நிறம் பார்க்கிறோம். 1953 இல் வேர்ஜினியா அப்கார் என்ற பெண் வைத்தியர் வெளியிட்ட அளவீட்டில் இதயத் துடிப்பு, சுவாசம், தசையின் உறுதி, தூண்டலுக்குக் காட்டும் எதிர்வினை, நிறம் என்று ஐந்து குறிகள் உண்டு. நாங்கள் தேடுவது வெள்ளையை அல்ல. உதடும் நாக்கும் இளஞ்சிவப்பாக இருக்கின்றனவா, நீலம் பாய்ந்திருக்கின்றனவா என்பதையே பார்க்கிறோம். ஒட்சிசன் போதுமா என்பதை அந்த நிறம் சொல்லும். குருதிச்சோகையைக் கீழ் இமையின் உட்புறத்திலும், செங்கண்மாரியைக் கண்ணின் வெண்விழியிலும் பார்க்கிறோம். எல்லா மனிதருக்கும் தோலில் நிறமியை உண்டாக்கும் கலங்கள் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில்தான் உள்ளன. அவை உண்டாக்கும் மெலனினின் அளவும் வகையும் பரம்பலுமே வேறுபடுகின்றன. அந்த மெலனின் வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் கவசம்.

நம் பழைய இலக்கியம் வேறு விதமாகப் பேசியது. சங்கப் பாடல்களில் பெண்ணின் அழகு "மாமை". மாந்தளிரின் நிறம் என்பார்கள். கருநிறப் பெண்ணை "மாயோள்" என்று போற்றினார்கள். பிரிவுத் துயரால் நிறம் வெளிறுவதுதான் "பசலை". மாமை அழகைப் பசலை தின்கிறதே என்ற ஏக்கம் வெள்ளிவீதியார் பாடிய குறுந்தொகைப் பாடலிலும் உண்டு. திருக்குறளில் 119ஆம் அதிகாரம் முழுவதும் அந்தப் பசப்பைப் பற்றியதே. வெளிறுவதை அன்று துன்பத்தின் அடையாளம் என்றார்கள். இன்று அதையே டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். நாமும் காசு கொடுத்து வாங்குகிறோம்.

அந்த டப்பாக்களைப் பற்றி ஒரு வைத்தியக் குறிப்பு. தோலை வெளுக்கச் செய்யும் சில கிறீம்களில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தைத் தாக்கினால் சிறுநீரில் புரதம் கழிந்து, முகமும் காலும் வீங்கும். 2017 இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா சர்வதேச உடன்படிக்கை இத்தகைய கிறீம்களைத் தடை செய்யச் சொல்கிறது. வேறு சிலவற்றில் ஸ்டீரொயிட் இருக்கும். தோல் மெலியும், பரு போடும், முகத்தில் முடி வளரும். விட்டால் முகம் சிவந்து எரியும். என்ன சேர்த்தார்கள், யார் செய்தார்கள் என்று எழுதாத கிறீமை வாங்காதீர்கள். ஏற்கெனவே பாவிப்பவர்கள் அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை.

சங்கத் தமிழில் நிறம் என்ற சொல்லுக்கு மார்பு, உயிர்நிலை என்ற பொருளும் உண்டு. வேல் பாயும் இடம் அது. "நீ கறுப்பு" என்று நாம் விளையாட்டாகச் சொல்லும் சொல்லும் பாய்வது அங்கேதான்.

நூறு ஆண்டுகளாக இந்தப் பாடசாலை எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வெள்ளைச் சீருடையில் ஒரே வாங்கில் இருத்தியது. யார் சிவலை, யார் கறுப்பு என்று எந்த இடாப்பிலும் எழுதவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்தாலென்ன, இலண்டனில், ரொறன்ரோவில், சிட்னியில் இருந்தாலென்ன, அடுத்த முறை குழந்தை பார்க்கப் போகும்போது நாம் இப்படிக் கேட்போம்: "பிள்ளை நல்லாய்ப் பால் குடிக்குதோ? தாய் சுகமோ?" அந்த வீட்டில் வளரும் பெண்பிள்ளைகள் அதையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

கல்லூரித் தாய் வாழ்க.