இரண்டு முனையிலும் எழுதுங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2009-ல் இந்தக் கல்லூரியிலிருந்து வெளியே போனவன் நான். சங்கச் செயலாளர் போன் செய்து, "தம்பி, நீங்க டெலிகாம்ல இருக்கீங்க, பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். 5ஜி பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பார். நான் பேசப் போவது பவர் கேபிளில் கட்டும் லேபிளைப் பற்றி. சிரிக்காதீங்க. என் வேலையில் நான் பட்டுத் தெரிந்துகொண்ட பெரிய பாடம் அதுதான்.

மாணவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். டெலிகாம் கருவிகள் இருக்கும் அறையில் அவற்றுக்குப் போவது பெரும்பாலும் மைனஸ் 48 வோல்ட் டி.சி. கரண்ட் போனால் பேட்டரி தாங்கும். 2 வோல்ட் செல் 24 சேர்ந்தது ஒரு பேட்டரி. ஒவ்வொரு ரேக்குக்கும் ஏ, பி என்று இரண்டு பேனலிலிருந்து இரண்டு சப்ளை. ஒன்று விழுந்தால் மற்றது காப்பாற்றும். 48 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம். 4,800 வாட் சுமைக்கு 100 ஆம்பியர் ஓடும். பேட்டரி முனைகளின் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் வெல்டிங் மாதிரி தீப்பொறி பறக்கும். அதனால்தான் மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்கிறோம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 2011-ல் ஓர் ஊரில் புது ரேக்குகள் நிறுவினோம். பேனலிலிருந்து கேபிள்கள் டிரே மேல் ஏறி, வளைந்து, ரேக்கில் இறங்கும். எல்லா ரேக்குக்கும் அதே நீலம், அதே சிவப்பு. எது எங்கே போகிறது என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடைசி நாள் சாயங்காலம். ஊருக்குப் போக பஸ்ஸைப் பிடிக்கணும். டிராயிங்கை ஒரு கையில் வைத்துக்கொண்டு, பேனல் பக்கம் 'ரேக் 7', 'ரேக் 8' என்று மார்க்கரால் எழுதி ஒட்டிவிட்டுக் கிளம்பினேன். ஏணி வைத்து ஏறி, கேபிளைப் பின்தொடர்ந்து பார்க்கவில்லை. ஆட்கள் அந்த இரண்டு ரேக்கையும் இடம் மாற்றி நிறுத்தியிருந்தார்கள். டிராயிங்குக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது.

ஐந்து வருஷம் ஒரு குறையும் இல்லை. லேபிள் தப்பாக இருந்தாலும் கரண்ட் ஒழுங்காகத்தானே ஓடும்!

2016-ல் ரேக் 7 பழசாகிவிட்டது என்று கழற்ற முடிவானது. ராத்திரி 2 மணிக்கு, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான ஒரு தம்பி, விதிப்படி லேபிளைப் பார்த்து, ரேக் 7-ன் ஏ, பி இரண்டு பிரேக்கரையும் அணைத்தான். அணைந்தது பக்கத்திலிருந்த ரேக் 8. உடனே திரும்பப் போட்டும், கருவிகள் எழுந்து நிற்க 40 நிமிடம் ஆனது. அதுவரை அந்த வட்டாரத்தில் ஒரு போனும் பேசவில்லை.

மறுநாள் அந்தத் தம்பிக்கு மெமோ. "சார், லேபிள்ல அப்படித்தான் இருந்துச்சு" என்று அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. லேபிளைப் போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பியிருந்தார்கள். '7'-க்கு நடுவே குறுக்குக் கோடு. அப்படி எழுதுகிறவன் எங்கள் குழுவில் நான் ஒருத்தன்தான்.

உண்மையைச் சொல்கிறேன், இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மேலதிகாரியிடம் போய், "சார், அது என் எழுத்து" என்றேன். அவர் திட்டவில்லை. மெமோவைக் கிழித்துப் போட்டுவிட்டு, "அந்த ரூம் முழுசையும் நீயே மறுபடி லேபிள் பண்ணு" என்றார். பதினோரு ராத்திரி ஆனது. அந்தத் தம்பிதான் ஏணியைப் பிடித்தான்.

அந்தப் பதினோரு ராத்திரியில் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். லேபிள் இரண்டு முனையிலும் இருக்கணும். ஒவ்வொரு முனையிலும் 'இது எங்கே இருக்கிறது, அடுத்த முனை எங்கே போகிறது' என்று ரேக், பேனல், பிரேக்கர் எண்ணோடு எழுதணும். டிராயிங்கைப் பார்த்து எழுதாதீர்கள். கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போய்ப் பார்த்து எழுதுங்கள். ரேக்கைச் சேவைக்குக் கொடுக்கும் முன்பே ஏ-யை அணைத்து, பி-யை அணைத்து, எது சாகிறது என்று பாருங்கள். உயிருள்ள அறையில் பிரேக்கரைத் தொடும் முன் கிளாம்ப் மீட்டர் போட்டு, ஆம்பியர் அந்த ரேக்கின் சுமையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். லேபிள் இல்லாத கேபிளை எல்லோரும் சந்தேகப்படுவார்கள். தப்பான லேபிளை நம்பிவிடுவார்கள். ஆபத்து அதில்தான் அதிகம்.

லேபிள் நமக்காக எழுதுவதில்லை. நமக்குத்தான் அன்றைக்கு எல்லாம் ஞாபகம் இருக்குமே! பல வருஷம் கழித்து, தூக்கக் கலக்கத்தில், நம்மை நம்பி வந்து நிற்கிற முகம் தெரியாத ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ நாம் எழுதும் கடிதம் அது.

நம்ம மெஷின்ஸ் லேபில் ஒரு சார், சர்க்யூட் படத்தில் முனைகளுக்குப் பெயர் எழுதவில்லை என்றால் ரெக்கார்டைத் திருப்பி எறிவார். என்னுடையது நாலு தடவை வந்தது. அவர் இதோ முன்வரிசையில் இருக்கிறார். சார், கொஞ்சம் லேட்டாத்தான் புரிஞ்சுது, மன்னிக்கணும்.