தோற்பாவை: மூலமும் படியும்
(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய உரை)

 

தமிழ் கற்ற புலவர்கள் பேசிச் சிறப்பித்த இம்மேடையில், சரக்கு அலுவலகப் பதிவேடுகளோடு நாளைக் கழிக்கும் ஒரு குமாஸ்தாவுக்கும் இடமளித்த செயற்குழுவினருக்கு நன்றி கூறுகின்றேன். பத்தாம் வகுப்போடு கல்வியை நிறுத்திக்கொண்டவன் நான். ஆயினும், பதினைந்து ஆண்டுகளாகத் தோற்பாவைகளைச் சேர்த்தும் காத்தும் வருபவன் என்ற ஓர் உரிமை பற்றியே இன்று உங்கள் முன் நிற்கின்றேன்.

நம் சங்க மண்டபத்திற்கென ஒரு பழைய தோற்பாவையை வாங்கலாமா என்ற பேச்சு சில மாதங்களாக நம்மிடையே நடந்து வருகிறது. பழம்பொருள் தரகர் ஒருவர், மான் தோலால் ஆன, நூறாண்டுக்கு மேற்பட்ட இராமர் பாவை ஒன்று தம்மிடம் இருப்பதாகக் கூறிச் சென்றுள்ளார். அதை வாங்குவது சங்கத்திற்குப் பெருமை என்பது சிலர் கருத்து. அதே பணத்தில், புதிதாகச் செய்த படிகள் பலவற்றை வாங்கலாம் என்பது வேறு சிலர் கருத்து. நான் இரண்டாம் கருத்துடையவன். என் வீட்டில் 11 பாவைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றேனும் பழையதன்று. எல்லாம் பழைய பாவைகளைப் பார்த்து, அளவும் வடிவும் மாறாமல், கைதேர்ந்தவர்கள் செய்து கொடுத்த படிகளே. படி என்றால் போலி என்று எண்ணுவோர்க்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

பொம்மை வைத்துப் பார்ப்பதற்கு, பாவை ஆட்டுவதற்கு. கயிற்றால் இயங்கி உயிர்போல் மயக்கும் மரப்பாவையை வள்ளுவப் பெருந்தகை நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் உவமையாக எடுத்தாண்டுள்ளார். கேட்போர் யாவரும் அறிந்த ஒன்றைத்தானே உவமையாகக் கூறுவர்? ஆதலின் பாவையாட்டம் அந்நாளிலேயே நம் மக்களிடையே பழகிய கலை என்பது வெளிப்படை.

அக்கலை இன்றும் நமக்கு அண்மையிலேயே வாழ்கிறது. பட்டுச் சேலைக்குப் பெயர்போன தர்மவரத்தை நம் தாய்மார்கள் நன்கு அறிவார்கள். நம் குண்டக்கல்லிலிருந்து பெங்களூர் செல்லும் வழியில் உள்ள அந்த ஊருக்கு அருகே, நிம்மலகுண்டா என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு வரையில் அனந்தப்பூர் மாவட்டத்தில் இருந்து, இப்போது ஸ்ரீ சத்ய சாய் மாவட்டத்தில் சேர்ந்துள்ள அவ்வூரில் தோற்பாவைக் குடும்பங்கள் வாழ்கின்றன. தெலுங்கில் ‘தோலு பொம்மலாட்டா’ என வழங்கும் இக்கலைக்காக, அவ்வூர்க் கலைஞர் தலவாய் சலபதி ராவ் அவர்களுக்கு 2020ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. இக்குடும்பங்களின் மூதாதையர் மராட்டிய நாட்டினர். வீட்டில் மராத்தி, ஆட்டத்தில் தெலுங்கு என வாழ்பவர்கள். வீட்டில் தமிழும் அலுவலகத்தில் வேறு மொழியுமாக வாழும் நமக்கு அவர்கள் நிலை எளிதில் விளங்கும்.

மேற்கே கேரளத்தில் பாலக்காடு முதலிய பகுதிகளின் பகவதி கோயில்களில் நிகழும் தோற்பாவைக்கூத்தோ நமக்கு இன்னும் நெருங்கிய உறவு. அங்கே கூத்துமாடத்தின் திரைக்குப் பின்னால் 21 விளக்குகளை ஏற்றி, இரவிரவாகப் பாடி ஆடுவது கம்பராமாயணம். ஆடுபவர்க்குப் புலவர் என்பதே பட்டம். தாரகனோடு போர் புரிந்துகொண்டிருந்தமையால் இராம இராவணப் போரைக் காண இயலாத பத்ரகாளிக்காகவே இக்கூத்து நடத்தப்படுகிறது என்பது வழிவழிக் கதை. மனிதர் ஒருவரும் எதிரே அமராத இரவிலும், அம்மனே கேட்கிறாள் என்று அவர்கள் பாடுகிறார்கள். இக்கூத்தைக் கோயிலுக்கு வெளியேயும் கொண்டு சென்ற கிருஷ்ணன்குட்டிப் புலவரின் மைந்தர் இராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தமிழ்நாட்டிற்கு வெளியே, கம்பனை இவ்வாறு காத்தவர்களுக்கு வெளிமாநிலத்துத் தமிழராகிய நாம் கடன்பட்டவர்கள் அல்லவா?

இனிப் படியைப் பற்றிக் கூறுவேன். பாவை செய்வோர் ஆட்டுத்தோலை ஊறவைத்து, மயிரைச் சுரண்டி, இழுத்துக் கட்டிக் காயவைக்கிறார்கள். ஒளி ஊடுருவும்படி அது மெலிந்த பிறகு, உருவத்தை வரைந்து, உளியால் நுண்துளைகள் இட்டு, இருபுறமும் வண்ணந் தீட்டுகிறார்கள். அத்துளைகள் வழியே விளக்கொளி வரும்போது மணிமுடியும் ஆரமும் திரையில் சுடர்விடுகின்றன. தோள், முழங்கை, முழங்கால் ஆகிய மூட்டுகளைக் கயிற்று முடிச்சால் இணைத்து, நடுவே பிளந்த மூங்கிற்கோலைக் கட்டியதும் பாவை ஆட்டத்திற்கு ஆயத்தமாகிறது.

தோல் எந்நாளும் நிலைக்கும் பொருளன்று. விளக்குச் சூட்டிலும் ஆட்டத்திலும் அது தேய்ந்து கிழிகிறது. அப்போது பழைய பாவையைப் புதிய தோலின்மேல் வைத்துக் கோடு எடுத்து, அதே உருவத்தை மீண்டும் வெட்டுகிறார்கள். தேய்ந்த பாவையைக் குப்பையில் எறியாமல் ஆற்றில் விடும் வழக்கம், ராஜஸ்தானத்து மரப்பாவைக்காரரிடமும் தென்னாட்டுத் தோற்பாவைக் குடும்பங்கள் சிலவற்றிலும் உண்டு. ஆகவே இன்று நாம் மூலம் என்று போற்றும் பாவையும் ஒரு காலத்தில் இன்னொன்றின் படியாகப் பிறந்ததே. ஏட்டுச் சுவடிகள் செல்லரிக்கும் முன் தலைமுறைதோறும் படியெடுத்ததனாலன்றோ நம் இலக்கியங்கள் நமக்குக் கிடைத்தன! படியெடுத்த கையை யாரும் பழித்ததில்லை.

தில்லியில் 1965இல் திறக்கப்பட்ட சங்கர் பன்னாட்டுப் பொம்மைக் காட்சிச்சாலையைப் பார்த்தவர்கள் இங்கே சிலர் இருக்கலாம். கேலிச்சித்திரக்காரர் சங்கர் அவர்கள் நிறுவிய அக்காட்சிச்சாலையோடு ஒரு பட்டறையும் இணைந்திருந்தது. இந்தியாவின் பல பகுதி மக்களின் உடையும் அணியும் வழுவாமல் அங்கே பொம்மைகள் செய்யப்பட்டன. அவற்றைக் கொடுத்து வெளிநாட்டுப் பொம்மைகளை மாற்றாகப் பெற்றனர். கவனத்தோடு செய்த படிக்கு உலகில் மதிப்புண்டு என்பதற்கு இது சான்று.

அப்படியானால் பழைய பாவையை ஏன் வாங்கக்கூடாது? முதலாவது காரணம் சட்டம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் மான் தோலை விற்பதும் வாங்குவதும் குற்றமாகும். முன்னாளில் தெய்வ வடிவங்களுக்கு மான் தோலைப் பயன்படுத்திய கலைஞர்களே இன்று ஆட்டுத்தோலில்தான் செய்கிறார்கள். அதே 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த கலைப்பொருளை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். நம்மிடம் வந்த தரகர் உரிமம் எதையும் காட்டவில்லை. அவர் கூறுவது உண்மையாயின் நாம் சட்டத்தை மீறுவோம். பொய்யாயின் நாம் ஏமாறுவோம். இரண்டிலும் சங்கத்திற்கு நன்மை இல்லை.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பெரிதாகத் தோன்றுகிறது. பாவைகள் தனித்தனியே வாழ்பவை அல்ல. ஒரு பெட்டிக்குள் கூட்டமாக வாழ்பவை. வறுமை வந்த ஒரு நாளில் பெட்டியிலிருந்து இராமரை மட்டும் விற்றுவிட்டால், மீதமுள்ள சீதையையும் அனுமனையும் இராவணனையும் வைத்துக்கொண்டு அக்குடும்பம் எந்தக் கதையை ஆடும்? அடுத்த படிக்கு எதைப் பார்த்துக் கோடு எடுக்கும்? நாம் சுவரில் மாட்டும் அழகு, அங்கே ஓர் ஆட்டம் நின்றுபோனதன் அடையாளமாகிவிடும். படியை வாங்கினாலோ, மூலம் பெட்டியிலேயே இருக்கும். கலைஞருக்குக் கூலி கிடைக்கும். அவர் பிள்ளைக்கும் உளி பிடிக்கும் பழக்கம் வரும்.

ஆயினும் எல்லாப் படியும் நற்படி ஆகாது. கண்காட்சிகளில் மலிவாகக் கிடைப்பவற்றுள் பல வெறும் சுவர் அலங்காரங்களே. வாங்குமுன் பாவையை விளக்கிற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒளி சீராக ஊடுருவ வேண்டும். துளைகளின் ஓரம் பிசிறின்றி இருக்க வேண்டும். வண்ணம் இருபுறமும் ஒன்றுபோல் தெரிய வேண்டும். கோலைப் பிடித்து அசைத்தால் கை கால்கள் தடையின்றி ஆட வேண்டும். எந்தப் பழைய பாவையைப் பார்த்துச் செய்தது என்று கேளுங்கள்; செய்தவர் தயங்காமல் சொல்லுவார். அவர் பெயர், ஊர், ஆண்டு, தோலின் வகை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கிப் பாவையோடு வையுங்கள். அத்தாளில் ‘படி’ என்ற சொல்லும் இருக்கட்டும். படியைப் படி என்று சொல்லி வைத்திருப்பது நேர்மை. பழையது என்று சொல்லி விற்கும்போதுதான் அது போலியாகிறது.

காக்கும் முறையையும் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். தோற்பாவைக்குப் பகை நான்கு: ஈரம், வெப்பம், வெயில், பூச்சி. நம் குடியிருப்புகளில் கோடையில் சுவர் அனலாகக் கொதிக்கிறது. மழைக்காலத்தில் அதே சுவர் ஓதம் காக்கிறது. இவ்வாறு மாறி மாறி வரும்போது தோல் விரிந்தும் சுருங்கியும் நெளிந்துபோகும். எனவே வெளிச்சுவரிலும் சமையலறை அருகிலும் மாட்டாதீர்கள். வெயில் படும் இடத்தில் வண்ணம் வெளுக்கும். பின்னால் விளக்கு வைக்க விரும்பினால், சூடு குறைந்த எல்.இ.டி. விளக்கைச் சற்றுத் தள்ளி வைத்து, பார்க்கும் நேரம் மட்டும் ஏற்றுங்கள்.

எடுத்து வைக்கும்போது மடிக்கவோ சுருட்டவோ வேண்டா. கஞ்சி போகத் துவைத்து உலர்த்திய வெள்ளைப் பருத்தித் துணியை இடையிடையே இட்டுத் தட்டையாக அடுக்குங்கள். பிளாஸ்டிக் உறையில் நெடுநாள் கட்டிவைத்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். தூசியை மென்மையான தூரிகையால் மட்டும் தட்டுங்கள், ஈரத்துணி கூடாது. இரண்டு மாதத்திற்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மாவுபோல் பொடி உதிர்ந்திருந்தால் தோல் தின்னும் வண்டு புகுந்துவிட்டது என்று பொருள். அந்துருண்டையை அள்ளிப் போட வேண்டா. பாவையைக் காற்றுப் புகாத பையில் இட்டு, நன்கு குளிரும் உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பின்னும் ஒரு நாள் கழித்தே பையைப் பிரியுங்கள். அருங்காட்சியகங்களிலும் பூச்சியைக் கொல்லக் குளிரூட்டும் முறை உண்டு. வண்ணம் தடித்துப் பூசிய மரப்பாவைக்கு மட்டும் இம்முறையைத் தவிர்க்க வேண்டும்.

இனி என் வேண்டுகோள். தரகரிடம் ஒரு பாவைக்கென ஒதுக்க எண்ணிய தொகையை நிம்மலகுண்டாவுக்குக் கொண்டு செல்வோம். அசோகவனக் காட்சி ஒன்றை ஆடுவதற்குச் சீதை, அனுமன், இராவணன், அரக்கியர் இருவர், ஒரு மரம் என ஆறு உருவங்கள் போதும். அவற்றைச் செய்யச் சொல்லுவோம். நம் பிள்ளைகள் நால்வர் ஐவரை உடன் அழைத்துச் சென்று, தோல் பாவையாவதைக் காணச் செய்வோம். பாவைகள் சங்கத்தின் அலமாரியில் இருக்கட்டும். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நான் மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். அடுத்த ஆண்டுவிழாவில் அக்கலைஞர்களையே அழைத்து, இம்மேடையில் வெள்ளைத் திரை கட்டி, அவர்கள் கையால் ஒருமுறை ஆட்டச் செய்வோம். திரைக்குப் பின்னால் அவர்கள் தெலுங்கில் பாடட்டும். திரைக்கு முன்னால் நம் பிள்ளைகள் கம்பன் பாடல்கள் இரண்டையாவது கற்றுப் பாடட்டும்.

முடிவு செய்ய வேண்டியது பொதுக்குழு. என் கருத்தை மனத்திற் கொண்டு ஆராய வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றேன்.