கண்ணில் படுவதும் கருத்தில் படுவதும்

மாலை 6 மணிக்குத் தாராவியின் 90 அடிச் சாலையில் நடந்து செல்லும் ஒருவர், தம் எதிரே உள்ளவற்றில் எவ்வளவைக் காண்கிறார்? கைவண்டி, தோற்பைக் கடை, குறுக்கே ஓடும் குழந்தை, எதிர்ப்படும் ஊர்க்காரர் ஆகிய அனைத்தும் அவர் கண்ணில் படுகின்றன. கருத்தில் படுவனவோ சில. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 2 பாகை. நம் கண் மிகத் தெளிவாகக் காணும் வட்டம் அவ்வளவே, எஞ்சியன மங்கல்தான். அம்மங்கலில் எதன்பால் அடுத்து விழியைத் திருப்புவது என்று தேர்ந்தெடுக்கும் ஆற்றலையே கவனம் என்கிறோம்.

கணிப்பொறிக்குள் மனிதரைப் படைக்க முற்பட்டபோதுதான் இவ்வாற்றலின் அருமை நன்கு விளங்கிற்று. இவர்களை மெய்நிகர் மாந்தர் என்பர். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரண்டால் ஹில், ஹெலிகாப்டர் ஓட்டும் மெய்நிகர் விமானிகளைப் பற்றி 1999ஆம் ஆண்டில் எழுதினார். அவ்விமானிக்கு இருந்தது பார்வைக் குறையன்று, பார்வை மிகை! எதிரே உள்ள ஒவ்வொரு வண்டியையும் முழு விவரத்துடன் கண்டு முடிப்பதற்குள் செயற்பட வேண்டிய கணம் கழிந்துவிடும். ஆகவே, தொலைவில் நெருங்கி நிற்பவற்றை ஒரு கூட்டமாக மட்டும் காணவும், வேண்டியதை மட்டும் உற்று நோக்கவும், திடீரென அசைவதன்பால் திரும்பவும் அவனுக்கு வகை செய்ய வேண்டியிருந்தது. அதாவது, காணாதிருக்கக் கற்பிக்க வேண்டியிருந்தது.

செவிக்கும் இதே நியதிதான். 1953இல் காலின் செரி என்ற அறிஞர், இரு காதுகளிலும் இருவேறு பேச்சுகளை ஒலிக்கச் செய்து ஒன்றை மட்டும் பின்தொடரச் சொன்னார். மற்றப் பேச்சின் பொருள் கேட்பவர்க்குப் பதியவே இல்லை. ஆயினும் அக்காதில் தம் பெயர் ஒலித்தால் சிலர் அறிந்துகொள்கின்றனர் என்பதை நெவில் மோரே 1959இல் கண்டார். மாட்டுங்கா நிலைய வாசலில் மராத்தியும் குஜராத்தியும் இரையும்போது, எங்கோ ஒலிக்கும் 'ஏலே' என்ற ஒரு சொல் நம்மைத் திருப்பி நிறுத்துகிறதல்லவா?

இதைக் கவனம் என்பதா, அவதானம் என்பதா என்று மொழிபெயர்ப்பாளராகிய நாம் வாதிடுவதுண்டு. 1907இல் செய்குத்தம்பிப் பாவலர் சென்னையில் சதாவதானம் நிகழ்த்தினார். நூறு செய்திகளில் ஒருசேரக் கருத்தூன்றுவது பெரும்புலவரின் பயிற்சி. ரயிலுக்கு ஓடுபவரிடம் அதை எதிர்பார்க்கலாகாது.

சில வரைபடங்கள் அதைத்தான் எதிர்பார்க்கின்றன. 2017 செப்டம்பர் 29 அன்று, இன்று பிரபாதேவி எனப்படும் எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நெரிசலில் சிக்கி 23 பேர் மாண்டனர். இத்தகைய பாலங்களைக் கட்டுமுன், மெய்நிகர் கூட்டமொன்றை அவற்றில் நடக்கவிட்டுப் பார்க்கும் முறை உலகில் வழங்கி வருகிறது. அக்கூட்டத்தார் அனைவரும் எல்லாப் பலகைகளையும் கண்டு வாசித்து வழியறிபவராக அமைந்துவிட்டால் வரைபடம் எளிதில் தேறிவிடும். மும்பையின் நிலையப் பலகைகள் மராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் உள்ளன. நெல்லைச் சீமையிலிருந்து நேற்று வந்திறங்கியவருக்கு அவை வெறுங்கோடுகளாகவே இருக்கலாம். அவர் பலகையை நோக்கார். முன்னே செல்பவரின் முதுகையே நோக்குவார். செம்பூர் முருகன் கோயிலுக்குப் புறப்பட்ட மூதாட்டியோ அடுத்த படியைத் தவிர வேறெதையும் காணார். இவ்விருவரும் அம்மெய்நிகர் கூட்டத்தில் இடம்பெற்றிருக்கின்றனரா என்று பாலம் கட்டுவோரைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.