பேரேட்டில் ஒரு வரி
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



நம் உறுப்பினர் பேரேட்டைப் புதுப்பிக்கும் பொறுப்பைச் செயற்குழு என்னிடம் ஒப்படைத்துள்ளது. மூன்றாண்டுகளாகக் கூட்டத்திற்கு வாராதோர் பெயர்களை ஒருங்கே நீக்கிவிடலாம் என்பது அன்பர் சிலரின் கருத்து. இதே சிக்கலைக் கணினியுலகில் எதிர்கொண்டோர் கண்ட நெறியொன்றை இன்று உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகியோர் 1979ஆம் ஆண்டில் வகுத்த அமைப்பு யூஸ்நெட். பல ஊர்களிலுள்ள செய்தி வழங்கிகள் தம்முள் மடல்களைப் பரிமாறிக்கொள்ளும். அனைத்திற்கும் தலைமையான கணினி என ஒன்று அதற்கில்லை. பொருள்வாரியாகப் பிரிந்த அதன் அரங்குகளே செய்திக்குழுக்கள். தமிழ் எழுத்துரு பரவலாகாத 1990களில், அயலகத் தமிழர் சாக்.கல்ச்சர்.தமிழ் என்னும் குழுவில் ஆங்கில எழுத்துகளால் தமிழை எழுதி உரையாடினர்.

ஒவ்வொரு வழங்கியிலும் குழுக்களின் பட்டியல் உண்டு. குழுவிற்கு ஒரு வரி. அவ்வரி நீங்கினால், அவ்வழங்கியின் வாசகர் அக்குழுவிற்குள் நுழைய இயலாது. புதிய குழுவைச் சேர்க்கவும் பழையதை நீக்கவும் ஆணை மடல்கள் வரும். ஒரு பிரிவின் முழுப் பட்டியலைத் தாங்கிய சரிபார்ப்பு மடலும் வரும். போலி ஆணைகளும் வந்தமையால், மின்னொப்பத்தைச் சோதிக்கும் முறை பின்னர் ஏற்பட்டது.

நூற்றுக்கணக்கான வரிகளைத் தனித்தனியே திருத்துவது நெடும்பணி. ஐ.என்.என். என்னும் வழங்கி மென்பொருள் இதற்கு வழி தருகிறது. சேர், நீக்கு, மாற்று என்னும் கட்டளைகளைத் தொகுத்தளித்தால், அதிலுள்ள சிறுநிரல் வழங்கியைச் சற்றே நிறுத்தி, புதிய பட்டியலை எழுதி, மீண்டும் இயக்கிவிடும். ஆயினும், எவற்றைச் சேர்ப்பது, எவற்றை நீக்குவது என்பதைச் சரிபார்ப்பு மடலிலிருந்து கணித்து, பொறுப்பாளருக்கு முதலில் தெரிவிக்குமாறும் அதனை அமைக்கலாம். அவர் படித்து இசைந்த பின்னரே கட்டளைகள் இயங்கும். தொகுப்பது பொறியின் வேலை. தீர்ப்பது மனிதரின் வேலை.

பெயர் நீங்குவதன் பொருளை நம் கரையினருக்கு நான் விளக்க வேண்டுவதில்லை. 1964 டிசம்பர்ப் புயலுக்குப்பின் தனுஷ்கோடிக்குப் புகைவண்டி செல்லவில்லை. நிலையப் பட்டியலில் அப்பெயர் இல்லை. ஆயினும் அம்மணல்திட்டில் மீனவர் இன்றும் வலை வீசுகின்றனர். பட்டியலில் இல்லாதது உலகில் இல்லாததாகிவிடாது. ஆனால் அதனை அடையும் வழி அரிதாகிவிடும்.

யூஸ்நெட்டிற்கும் அவ்வாறே நேர்ந்தது. 2024 பிப்ரவரி 22இல் கூகுள் நிறுவனம் தன் தளத்தில் புதிய யூஸ்நெட் மடல்களை ஏற்பதை நிறுத்தியது. ஒரு பெருவாயில் அடைந்தது. ஆயினும் வேறு வழங்கிகளில் மடல்கள் இன்றும் வருகின்றன.

எனவே நம் பேரேட்டைத் திருத்துவோம், ஒருங்கே திருத்துவோம். ஆனால் நீக்கவேண்டிய பெயர்களை முதலில் இவ்வவையில் உரக்கப் படிப்போம். அவற்றுள் மணமாகி வெளியூர் சென்ற பெண்கள் இருக்கலாம். படகு விற்றுப் பிழைப்புத் தேடிப் போனவர் இருக்கலாம். ஒவ்வொருவருக்கும் ஓர் அஞ்சலட்டை எழுதுவோம். விடை வந்தபின் முடிவு செய்வோம். பழைய பேரேட்டையும் பேணி வைப்போம்.

வாராதவர் அனைவரும் விலகியவர் அல்லர்.