இல்லத்தில் முளைத்த இயக்கம்

(தாம்பரத்தில் நடந்த மறைமலையடிகள் நினைவுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கும் பாலத்துக்கு மறைமலையடிகள் பாலம் என்று பெயர். அங்கிருந்து தெற்கு நோக்கி வந்தால் பல்லாவரம். அதனைக் கடந்தால் நாம் கூடியிருக்கும் இத் தாம்பரம். மேலும் தெற்கே சென்றால் மறைமலை நகர். நாள்தோறும் இப் பெயர்களைச் சொல்லிப் பயணச்சீட்டு வாங்குவோர் எத்தனையோ பேர். ஆனால், இவ் விரண்டு பெயர்களுக்கும் இடையே, பல்லாவரத்தில், அப் பெயர்க்குரிய பெருமகனார் 1911 முதல் 1950 வரை முப்பத்தொன்பது ஆண்டுகள் மனைவி மக்களோடு குடியிருந்தார் என்பதனை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அடிகளாரின் புலமையைப் பற்றிப் பேச அறிஞர் பலர் உளர். எனவே, நான் இன்று அவரை ஒரு குடும்பத் தலைவராக, ஒரு தந்தையாக உங்கள் முன் நிறுத்த விழைகின்றேன்.

அடிகளார் 15.7.1876இல் நாகைப்பட்டினத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையாரை இழந்தார். பதினேழாம் அகவையில் சவுந்தரவல்லி அம்மையாரை மணந்தார். 1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்தார். அக் கல்லூரி அந் நாளில் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. 1937இல்தான் இத் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. பதின்மூன்று ஆண்டுகள் அங்குப் பணியாற்றிய நிலையில், பல்கலைக்கழகம் தமிழைக் கட்டாயப் பாடமாக இல்லாமற் செய்தது. தமிழுக்கு வந்த கேடு தமிழாசிரியரின் வீட்டு அடுப்பையும் தொட்டது. 1911இல் அடிகளார் அவ் வேலையை விட்டு நீங்கினார்.

அன்பர்களே, அந் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அகவை முப்பத்தைந்து. வீடு நிறையக் குழந்தைகள். பின்னாளில் புகழ்பெற்ற மகள் நீலாம்பிகைக்கு அப்போது எட்டு அகவைதான். மாதச் சம்பளம் நின்றுவிட்டது. வேறொருவராயின் எந்த அலுவலகத்திலேனும் எழுத்தர் வேலை தேடி அலைந்திருப்பார். அடிகளாரோ பல்லாவரத்துக்குக் குடிபெயர்ந்தார். நூல் எழுதியும் சொற்பொழிவாற்றியுமே குடும்பத்தைக் காப்பது என்று துணிந்தார். அதற்காக இலங்கைக்கும் கடல் கடந்து சென்றார். மாதம் பிறந்தால் இவ்வளவு வரும் என்ற உறுதியற்ற அவ் வருவாயில் இத்தனை மக்களையும் வளர்த்தெடுத்த சவுந்தரவல்லி அம்மையாரின் பொறுமையை நம் மேடைகள் போதிய அளவு போற்றவில்லை. அடிகளார் எழுதிய ஒவ்வொரு நூலிலும் அந்த அம்மையாரின் உழைப்பும் அடங்கியிருக்கின்றது என்பதே என் கருத்து.

அதே 1911இல்தான் அடிகளார் காவி உடுத்தார். துறவு பூண்டவர் மனைவி மக்களோடு வாழலாமா என்று அன்றும் கேட்டனர். இன்றும் சிலர் கேட்கின்றனர். அவர் துறந்தவை பிறரிடம் கைகட்டி நிற்கும் வாழ்வும் பதவிப் பற்றுமே. தம்மை நம்பி வந்த மனைவியையும் தாம் பெற்ற மக்களையும் நடுவழியில் விட்டுச் செல்வதை அவர் துறவாகக் கொள்ளவில்லை. காவி உடுத்த பின்னரும் முப்பத்தொன்பது ஆண்டுகள் அவர் தம் குடும்பப் பொறுப்பைக் கீழே இறக்கி வைக்கவில்லை. இதனைக் குறையென்பார் சொல்லட்டும். நான் இதனை அவருடைய நிறைவுகளுள் ஒன்றாகவே கருதுகின்றேன்.

இனி, நம் இயக்கம் பிறந்த கதைக்கு வருவோம். 1916ஆம் ஆண்டு. பல்லாவரத்து வீட்டுத் தோட்டத்தில் தந்தையும் பதின்மூன்று அகவை மகளும் உலவிக்கொண்டிருக்கின்றனர். வள்ளலார் பாடல் ஒன்று பேச்சில் வருகின்றது. அதில் ‘தேகம்’ என்ற வடசொல் இருக்குமிடத்தில் ‘யாக்கை’ என்ற தமிழ்ச்சொல் இருந்திருப்பின் இன்னும் இனிமையாயிருக்குமே என்று தந்தை விளக்குகின்றார். அயற்சொல் வந்து புகப் புகத் தமிழ்ச்சொல் வழக்கொழிந்து போவதை எடுத்துரைக்கின்றார். அவ்வாறாயின் இனி நாம் தனித்தமிழிலேயே பேசலாமே என்ற எண்ணம் மகளுக்கு எழுகின்றது. தனித்தமிழ் இயக்கத்தின் முதற் கூட்டம் அதுதான்! மேடையில்லை, கொடியில்லை, தீர்மானமில்லை. கூடியிருந்தோர் இருவர், ஒருவர் தந்தை, மற்றவர் மகள்.

அங்கே முளைத்தது வீடெங்கும் படர்ந்தது. வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று, சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். ஞானசாகரம் என்னும் அவருடைய இதழ் அறிவுக்கடல் ஆயிற்று. சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. அதனோடு நின்றாரா? ஆண் மக்களுக்குச் சமயக்குரவர் நால்வர் பெயரையும் இட்டிருந்தார். ஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார். மாணிக்கவாசகம் மணிமொழி ஆனார். சுந்தரமூர்த்தி அழகுரு ஆனார். திருநாவுக்கரசு என்பது முன்னரே தமிழாயிருந்தமையின் அவ்வாறே நின்றது. மகள் திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனார். ஊரார்க்கு அறிவுரை சொல்லுமுன் தம் வீட்டு வாயிலில் நின்று தம் மக்களைத் தமிழ்ப்பெயரால் அழைத்த நேர்மை அது.

வடமொழி அறியாதவர் வடசொல்லை வெறுத்தார் என்று எவரும் எண்ணவேண்டா. காளிதாசரின் சாகுந்தலத்தை 1907இலேயே தமிழாக்கியவர் அவர். ஆங்கிலத்தில் ஆண்டுக்கணக்காக நாட்குறிப்பு எழுதிவந்தவர் அவர். பிறமொழிகளை முயன்று கற்றார். அவற்றைத் தம் மொழிக்குள் கலக்க மறுத்தார். அதுவே அவர் தம் மக்களுக்குக் காட்டிய நெறி.

அந் நெறியில் வளர்ந்த மகள் என்ன செய்தார்? தனித்தமிழ்க் கட்டுரைகள் வரைந்தார். வடசொற்களுக்கு நேரான தமிழ்ச்சொற்களைத் தொகுத்து, ‘வடசொற்றமிழ் அகரவரிசை’ என்னும் நூலைத் தந்தார். 13.11.1938இல் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார், ஈ.வெ.ரா. அவர்களுக்குப் ‘பெரியார்’ என்னும் பட்டம் வழங்கப்பெற்றது அம் மாநாட்டில்தான். அவரை மணந்த திருவரங்கனார், சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தை உருவாக்கியவர். மாமனாரின் நூல்கள் தமிழ்நிலமெங்கும் பரவ அக் கழகம் வழி செய்தது.

ஆனால், நெடிய வாழ்வு நெடிய துயரையும் தரும். நீலாம்பிகை அம்மையார் தந்தையார் உயிரோடிருக்கும்போதே மறைந்தார். மருமகனாரும் மறைந்தார். தோட்டத்தில் தம்மோடு உலவிய மகளைப் பறிகொடுத்த பின்னும் அம் முதியவர் வாழவேண்டியிருந்தது. ‘மக்கள் நூறாண்டு உயிர் வாழ்க்கை’ என்று நூல் எழுதியவர் அவர். நூறாண்டு அவருக்கு வாய்க்கவில்லை. எழுபத்துநான்கு ஆண்டுகள் வாழ்ந்து 15.9.1950இல் மறைந்தார். தாம் அரிதின் தேடிச் சேர்த்த நூல்களை மக்கள் பயன்கொள்ளுமாறு விட்டுச் சென்றார். அவற்றைக் கொண்டு 1958இல் சென்னையில் மறைமலையடிகள் நூல்நிலையம் எழுந்தது. மகனார் மறை. திருநாவுக்கரசு தந்தையின் வரலாற்றை நூலாக எழுதினார். தந்தையின் வாழ்வை மகனே எழுதும் அளவுக்கு அவ் வீட்டில் அன்பும் மதிப்பும் நிலைத்திருந்தன.

அன்பர்களே, நம் வீடுகளுக்கு வருவோம். இயக்கம் தொடங்கி 2016இல் நூறாண்டு நிறைந்துவிட்டது. நூறு மாநாடுகள் நடத்திவிட்டோம். ஆயினும் என் பள்ளிக்கு வரும் பெற்றோரைக் காண்கின்றேன். தம் தாயிடம் நல்ல தமிழில் பேசுகின்றவர், தம் குழந்தையிடம் திரும்பியதும் அரைகுறை ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றார். பாட்டி சொல்வது பேரனுக்கு விளங்கவில்லை. பேரன் சொல்வது பாட்டிக்கு விளங்கவில்லை. நடுவில் இருக்கும் பெற்றோர், தம் கைகளாலேயே அவ் வுறவை அறுத்துவிட்டதை உணர்வதில்லை. அரசாணை இதனை மாற்றுமா? பாடநூல் மாற்றுமா? வகுப்பறையில் நான் ஒரு நாளில் நாற்பது நிமையம் தமிழ் சொல்லித் தருகின்றேன். எஞ்சிய பொழுதெல்லாம் அக் குழந்தை உங்களிடம் அன்றோ இருக்கின்றது?

ஆகவே நான் கேட்பது பெரிதன்று. மாலையில் உங்கள் மகளோடு சிறிது நேரம் நடந்து செல்லுங்கள். ஒரு பாடலைச் சொல்லுங்கள். ஒரு சொல்லின் அழகைக் காட்டுங்கள். அவள் கேட்கும் வினாவுக்குச் சினவாமல் விடை கூறுங்கள். வீட்டில் பத்துத் தமிழ் நூல்களையேனும் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். பெயரிடும்போது பொருள் தெரிந்த தமிழ்ப்பெயராக இடுங்கள். அடிகளாருக்கு நாம் எழுப்பக்கூடிய நினைவுச்சின்னம் நம் வீட்டுக் குழந்தையின் நாவில் எழும் தமிழேயாகும்.

வாழ்க அடிகளார் புகழ்! வாழ்க நீலாம்பிகை அம்மையார் பெயர்! வெல்க தமிழ்!